வரிச்சலுகை கொடுத்தால் ஊருக்குத் தொழில் வருமா?

ஒரு நிறுவனம் 100 கோடி ரூபாயில் ஆலை கட்ட இடம் தேடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்ரீபெரும்புதூரில் கட்டலாம், ராமநாதபுரத்திலும் கட்டலாம். ராமநாதபுரத்தில் நிலம் மலிவு, வேலைக்கு ஆள் கிடைக்கும். ஆனால் அச்சு ஒன்று உடைந்தால் சரிசெய்ய ஆள் சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ வர வேண்டும். அதுவரை ஒரு ஷிப்ட், சில நேரம் ஒரு நாள், உற்பத்தி வரிசையே நிற்கும். சரக்கு இறக்கிய லாரிக்குத் திரும்பும் பாரம் இல்லாததால் இருவழி வாடகை கேட்பார்கள். அனுபவமுள்ள மேலாளர் குழந்தைகளின் பள்ளியைக் காரணம் காட்டி மாற்றலாகி வர மறுப்பார், வந்தாலும் கூடுதல் சம்பளம் கேட்பார். நிலத்தில் மிச்சமானதைக் கழித்த பிறகும் இவையெல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் கூடுதல் செலவு வைக்கின்றன என்று கொள்வோம். இந்த எண் உதாரணத்துக்குத்தான்.

இந்த 3 கோடியை ஈடுகட்டுவதற்காக அரசு தன் வரியில் விட்டுக்கொடுக்கும் தொகைதான் வட்டார வரிச்சலுகை. பக்கத்தில் உதிரிபாகக் கடைகளும் பழுதுபார்ப்பவர்களும் பயிற்சி பெற்ற தொழிலாளர்களும் சேரச் சேர அந்தக் கூடுதல் செலவு குறையும். அதுவரைக்குமான தாங்கல்தான் சலுகை. அதனால்தான் ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு என்று கெடு வைக்கிறார்கள்.

சலுகை ஆண்டுக்கு 1 கோடிதான் என்றால் நிறுவனம் வராது, அரசுக்கும் செலவில்லை. 6 கோடி என்றால் வரும், ஆனால் 3 கோடி தேவையில்லாமல் போகிறது. மூன்றாவது நிலைமைதான் அதிகம் நடப்பது, அதிகம் பேசப்படாததும். உப்பையோ சுண்ணாம்புக்கல்லையோ துறைமுகத்தையோ நம்பியிருக்கும் ஆலை சலுகை இல்லாவிட்டாலும் அங்கேதான் வந்திருக்கும். அப்படிப்பட்ட ஆலைக்குக் கொடுப்பது முழுக்க அன்பளிப்பு.

எந்த வரியை யார் விட்டுக்கொடுக்க முடியும்?

வருமான வரியும் சுங்க வரியும் ஒன்றிய அரசின் கையில் இருப்பவை. மாநிலத்திடம் இருப்பவை ஜிஎஸ்டியில் மாநிலப் பங்கான எஸ்ஜிஎஸ்டி, முத்திரைத்தாள் கட்டணம், மின்வரி போன்றவை. உள்ளாட்சிகளுக்குச் சொத்து வரியும் தொழில் வரியும் உண்டு. ஆனால் அரசியல் சட்டத்தின் 276ஆவது பிரிவு, தொழில் வரியை ஒருவருக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது என்று கட்டிவைத்திருக்கிறது. ஆகவே நம் ஊரில் ஒரு நகராட்சித் தலைவர் வரியைக் காட்டிப் பெரிய ஆலையை அழைத்துவர முடியாது. பேரம் பேசுவது மாநில அரசுதான்.

அமெரிக்காவில் நிலைமை தலைகீழ். அங்கே உள்ளாட்சிகளுக்குச் சொத்து வரிதான் பெரிய தொகை. பள்ளிக்கூடமும் தீயணைப்பும் அதிலிருந்துதான் நடக்கின்றன. லூசியானா மாநிலத்தில் 1930களிலிருந்து ஆலைகளுக்குச் சொத்து வரி விலக்கு இருக்கிறது. பல பத்தாண்டுகளாக விலக்கை முடிவுசெய்தது மாநில வாரியம், வருவாயை இழந்தது உள்ளூர்ப் பள்ளி வாரியம். 2016இல் ஆளுநர் பிறப்பித்த ஆணைக்குப் பிறகுதான் உள்ளூர் அமைப்புகளுக்கு அதில் வாக்கு கிடைத்தது. கொடுப்பவர் ஒருவர், இழப்பவர் வேறொருவர் என்றால் கை தாராளமாக நீளும். இதன் சிறிய வடிவம் இங்கேயும் உண்டு. தமிழ்நாட்டில் சொத்து விற்பனைப் பத்திரத்துக்கு வாங்கும் 7 சதவீதத்தில் 5 சதவீதம் முத்திரைக் கட்டணம், 2 சதவீதம் சொத்து மாற்ற வரி. பின்னது உள்ளாட்சிகளுக்கு உரியது.

இந்த வரிகளின் எடை ஒன்றல்ல. நிலத்தின் மதிப்பு 5 கோடி என்றால் 7 சதவீதம் 35 லட்சம், 2 சதவீதப் பதிவுக் கட்டணம் 10 லட்சம். அதுவும் ஒரே ஒரு முறைதான். தொழிற்சாலைகளுக்கு மின்வரி 5 சதவீதம். மாதம் 20 லட்சம் ரூபாய்க்கு மின்சாரம் வாங்கும் ஆலைக்கு மாதம் 1 லட்சம், ஐந்தாண்டு விலக்கில் 60 லட்சம் மிச்சம். நல்ல தொகைதான். ஆனால் 100 கோடி முதலீட்டின் இடத்தை இது மாற்றாது. மாற்றக்கூடியவை இரண்டு: எஸ்ஜிஎஸ்டியைத் திருப்பித் தருவது, அல்லது முதலீட்டில் ஒரு பங்கை மூலதன மானியமாகத் தருவது.

தமிழ்நாட்டின் 2021 தொழில் கொள்கை மாவட்டங்களை ஏ, பி, சி என்று பிரித்தது. சென்னை, செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் ஏ பிரிவு. ராமநாதபுரம், விருதுநகர், தென்காசி, திருநெல்வேலி, தூத்துக்குடி போன்ற தென்மாவட்டங்கள் சி பிரிவு. அதே இயந்திரம், அதே முதலீடு, ஆனால் சி மாவட்டத்தில் போட்டால் சலுகை கூடும். மாநில அரசின் தொழிற்பூங்கா நிறுவனமான சிப்காட் விற்கும் நிலத்தின் விலையிலும் அங்கேதான் பெரிய தள்ளுபடி. எஸ்ஜிஎஸ்டி திரும்பப் பெறுவது, மூலதன மானியம், விற்றுமுதலை ஒட்டிய மானியம் என்ற வழிகளில் ஏதாவது ஒன்றை நிறுவனம் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்றது அந்தக் கொள்கை. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

எஸ்ஜிஎஸ்டி கணக்கு: காகிதத்தில் ஒன்று, வங்கிக் கணக்கில் வேறு

‘எஸ்ஜிஎஸ்டி முழுவதும் திருப்பித் தரப்படும்’ என்ற வரியைப் படித்தவுடன் விற்பனையை 9 சதவீதத்தால், அதாவது 18 சதவீத ஜிஎஸ்டியில் மாநிலத்தின் பாதியால், பெருக்கிவிடுவது முதல் தவறு. ஜிஎஸ்டி, பொருள் நுகரப்படும் இடத்துக்குப் போகும் வரி. தூத்துக்குடியில் செய்த பொருளைப் புனேயில் இருப்பவருக்கு விற்றால், மாநிலப் பங்கு மகாராஷ்டிரத்துக்குப் போய்விடும். தமிழ்நாட்டுக்கு வராத வரியைத் தமிழ்நாடு எப்படித் திருப்பித் தரும்?

ஆண்டுக்கு 60 கோடி விற்கும் ஆலையை எடுத்துக்கொள்வோம். 30 கோடி தமிழ்நாட்டுக்குள், 30 கோடி வெளிமாநிலங்களுக்கு. வரி 18 சதவீதம். தமிழ்நாட்டு விற்பனைக்கு மத்தியப் பங்கான சிஜிஎஸ்டி 2.7 கோடி, எஸ்ஜிஎஸ்டி 2.7 கோடி. வெளிமாநில விற்பனைக்கு ஐஜிஎஸ்டி 5.4 கோடி. மூலப்பொருள் 36 கோடிக்கு வெளிமாநிலத்திலிருந்து வந்தது, அதற்குக் கட்டிய ஐஜிஎஸ்டி 6.48 கோடி. இது உள்ளீட்டு வரி வரவாக, அதாவது கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளக்கூடிய தொகையாக, கையில் இருக்கிறது. சட்டப்படி இதை முதலில் ஐஜிஎஸ்டி பாக்கியில் கழிக்க வேண்டும். 5.4 போக மீதி 1.08 கோடி. இதை சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி இரண்டில் எதில் வேண்டுமானாலும், எந்த விகிதத்திலும் கழிக்கலாம். முழுவதையும் எஸ்ஜிஎஸ்டியில் கழித்தால் ரொக்கமாகக் கட்டும் எஸ்ஜிஎஸ்டி 1.62 கோடி. சிஜிஎஸ்டியில் கழித்தால் எஸ்ஜிஎஸ்டி ரொக்கம் 2.7 கோடி அப்படியே நிற்கும். நிறுவனம் கட்டும் மொத்த வரி இரண்டிலும் ஒன்றுதான், திரும்பி வருவதில் மட்டும் 1.08 கோடி வித்தியாசம். திருப்பிக் கொடுப்பது ரொக்கமாகக் கட்டிய தொகையைத்தான். ஆகவே உள்ளீட்டு வரவை எந்த வரிசையில் கழிக்க வேண்டும் என்று அரசாணை நிபந்தனை வைத்திருக்கிறதா என்பதை ஆடிட்டரோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

எதிர்பார்த்தது 5.4 கோடி. கிடைப்பது 2.7 கோடி, அல்லது 1.62 கோடி. மூலப்பொருளைத் தமிழ்நாட்டுக்குள்ளேயே வாங்கினால் அதில் கட்டிய எஸ்ஜிஎஸ்டி வரவாகிவிடும். ரொக்கம் இன்னும் குறையும்.

ஏற்றுமதி செய்யும் ஆலைக்கு இந்த வழி முற்றிலும் பயனற்றது. ஏற்றுமதிக்கு ஜிஎஸ்டி பூச்சியம் என்பதால் திருப்பித் தர ஒன்றும் இல்லை. செய்யாறு, பர்கூர் பக்கத்து ஏற்றுமதிக் காலணி ஆலைகளைப் போன்றவற்றுக்குப் பொருந்துவது மூலதன மானியம்தான். அதுவும் ஒரே நாளில் வந்துவிடாது, ஆண்டுத் தவணைகளாகப் பிரித்துத் தருவார்கள். 10 கோடி மானியத்தைப் பத்துச் சம தவணைகளாகப் பெற்றால், ஆண்டுக்கு 10 சதவீத வட்டிக் கணக்கில் இன்றைய மதிப்பு 6 கோடியை ஒட்டித்தான் இருக்கும். தவணை தாமதமானால் அதுவும் குறையும்.

வரி விகிதம் மாறும் ஆபத்து வேறு. 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையிலான காலணிக்கும் ஆடைக்கும் ஜிஎஸ்டி 5 சதவீதம். அதற்கு முன் 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட காலணிக்கு 18 சதவீதம் இருந்தது. வாங்குபவருக்கு நல்ல செய்தி. ஆனால் எஸ்ஜிஎஸ்டி திரும்பி வரும் என்று திட்ட அறிக்கை எழுதிய உள்நாட்டுக் காலணி ஆலைக்கு, மாநிலப் பங்கு 9இலிருந்து 2.5 சதவீதமாகச் சுருங்கிவிட்டது. உள்ளீடுகளுக்கு 18 சதவீதம் கட்டினால் ரொக்க எஸ்ஜிஎஸ்டியே இருக்காது. வரியோடு கட்டிய சலுகை, வரி குறையும்போது தானும் குறையும். லாப விகிதம் குறைவாகவும் இயந்திரச் செலவு அதிகமாகவும் உள்ள தொழிலுக்கு மூலதன மானியமே பாதுகாப்பு என்பது எங்கள் கணிப்பு.

மலையடிவாரத்தில் மருந்து ஆலைகள் முளைத்த கதை

இந்தியாவில் வட்டார வரிச்சலுகை உண்மையாகவே வேலை செய்த இடம், அதன் பக்கவிளைவுகளையும் வெளிப்படையாகப் பார்க்கக்கூடிய இடம், இமாச்சலப் பிரதேசத்தின் பத்தி நகரம். பத்தி, பரோட்டிவாலா, நாலாகட் என்ற மூன்று ஊர்களும் சேர்ந்த பகுதி அது. 2003 ஜனவரியில் ஒன்றிய அரசு இமாச்சலத்துக்கும் உத்தராகண்டுக்கும் ஒரு தொகுப்பை அறிவித்தது. குறித்த பகுதிகளில் வரும் புதிய ஆலைகளுக்குப் பத்து ஆண்டுகள் கலால் வரி (ஆலையில் செய்த பொருளுக்கு ஒன்றிய அரசு விதித்த வரி) முழு விலக்கு. வருமான வரியில் முதல் ஐந்து ஆண்டுகள் லாபம் முழுவதற்கும் விலக்கு, அடுத்த ஐந்து ஆண்டுகள் கம்பெனிகளுக்கு லாபத்தில் 30 சதவீதத்துக்கு விலக்கு. உற்பத்தி தொடங்கக் கடைசி நாள் முதலில் 2007 மார்ச் 31, பிறகு 2010 மார்ச் 31 வரை நீட்டித்தார்கள்.

அப்போது பொதுவான கலால் வரி 16 சதவீதம். ஆனால் எல்லாத் தொழிலும் ஓடவில்லை. வரிவிலக்கு பெற்ற பொருளுக்கு மூலப்பொருளில் கட்டிய கலால் வரியை வரவாக எடுக்க முடியாது. ஆகவே லாபம் கிடைத்தது மூலப்பொருள் விலைக்கும் விற்பனை விலைக்கும் இடைவெளி அதிகமுள்ள பொருள்களுக்கு. மாத்திரை, ஊசிமருந்து, ஷாம்பு, முகப்பூச்சு. 2005 ஜனவரியில் இன்னொன்று நடந்தது. மருந்துக்குக் கலால் வரியை ஆலை விலையில் கணக்கிடாமல், அட்டையில் அச்சிட்ட அதிகபட்ச விலையில் 40 சதவீதம் கழித்துக் கணக்கிடும் முறை வந்தது. அச்சிட்ட விலை 100 ரூபாய், ஆலை தன் வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் விலை 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பழைய முறையில் வரி 3.20. புதிய முறையில் 60 ரூபாய்க்கு 16 சதவீதம், அதாவது 9.60. இருபது ரூபாய் சரக்குக்கு ஒன்பதரை ரூபாய் வரி. பெரிய கம்பெனிகளுக்காக மருந்து செய்துகொடுக்கும் சிறு ஆலைகள் இதைத் தாங்க முடியாது. பத்தியில் அந்த வரி பூச்சியம். அங்கே மருந்து ஆலைகள் குவிந்ததற்கு மலைக்காற்று காரணமல்ல, இந்தக் கணக்குதான் காரணம்.

பஞ்சாப் கத்தியது. சில மணி நேரப் பயணத்தில் இருக்கும் தன் தொழில்கள் எல்லை தாண்டுகின்றன என்றது. ஓசூரில் பெரிய ஆலைகள் வைத்திருந்த டிவிஎஸ் மோட்டார் நாலாகட்டிலும், அசோக் லேலண்ட் உத்தராகண்டின் பந்த்நகரிலும் ஆலை போட்டன. சலுகை இல்லாமல் இருந்திருந்தால் அந்த விரிவாக்கத்தில் ஒரு பகுதி ஓசூரிலேயே நடந்திருக்கும் என்று நினைப்பது தப்பாகாது. நாட்டின் மொத்த உற்பத்தியாகப் பார்த்தால் புதிதாகக் கூடியது கொஞ்சம், இடம் மாறியது நிறைய. இமாச்சல இளைஞரின் கோணத்தில் பார்த்தால் வேலை வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. யாருடைய பணம் என்பதும் முக்கியம். விட்டுக்கொடுத்தது ஒன்றிய அரசின் கலால் வரி, இமாச்சலத்தின் சொந்தப் பணம் அல்ல. தன் பையிலிருந்து கொடுக்க வேண்டியிருந்தால் அந்த மாநிலம் இவ்வளவு கொடுத்திருக்காது.

2017இல் ஜிஎஸ்டி வந்ததும் கலால் விலக்கு மறைந்தது. பாக்கிக் காலம் உள்ள ஆலைகளுக்கு, ரொக்கமாகக் கட்டிய சிஜிஎஸ்டியில் 58 சதவீதமும் ஐஜிஎஸ்டியில் 29 சதவீதமும் திருப்பித் தரும் திட்டம் வந்தது. 58 என்பதற்குக் காரணம், மீதி 42 சதவீதம் அப்போது மாநிலங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்ட பங்கு என்பதே. முதலில் கட்டு, பிறகு வாங்கிக்கொள் என்று ஆனதும் நடைமுறை மூலதனம் முடங்கியது. விலக்கும் திருப்பித் தருவதும் எண்ணில் ஒன்றாக இருந்தாலும் கையில் ஒன்றல்ல.

சலுகைக் காலம் முடிந்தும் மருந்து ஆலைகள் பத்தியை விட்டுப் பெருவாரியாக ஓடவில்லை. மருந்து உற்பத்தி தெரிந்த தொழிலாளர்கள், அட்டைப்பெட்டியும் அலுமினியத் தாளும் செய்பவர்கள், பரிசோதனைக் கூடங்கள் எல்லாம் அதற்குள் அங்கே சேர்ந்துவிட்டன. மறுபக்கம், சண்டிகரிலிருந்து பத்திக்கு வரும் ரயில்பாதை, ஆலைகள் வந்து இருபது ஆண்டுகள் ஆகியும் கட்டுமானத்திலேயே இருந்தது. வரிவிலக்கு ஒரு அறிவிப்பில் வந்துவிடும். சாலையும் ரயிலும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பும் அப்படி வருவதில்லை.

மாநிலங்கள் ஒன்றை ஒன்று முந்தப் போட்டியிட்டு வரியைக் குறைப்பது புதிதல்ல. 1999 நவம்பரில் முதலமைச்சர்கள் கூடி, விற்பனை வரிக்குக் குறைந்தபட்ச விகிதம் வைப்பது, விற்பனை வரிச் சலுகைகளைக் கைவிடுவது என்று முடிவெடுத்தார்கள். 2000 ஜனவரி 1 முதல் நடைமுறை. சலுகை நின்றதா? கட்டிய வரிக்குச் சமமான தொகையை மென்கடனாகவோ மானியமாகவோ தரும் வடிவத்தில் திரும்பி வந்தது.

வேலைக்குக் கொடுக்கிறோமா, இயந்திரத்துக்கா?

நம்முடைய பெரும்பாலான தொகுப்புகள் முதலீட்டுத் தொகையை வைத்துக் கணக்கிடப்படுகின்றன. அதிக இயந்திரம், அதிக மானியம். வேலைவாய்ப்பு குறைந்தபட்ச நிபந்தனையாக மட்டும் ஓரத்தில் நிற்கும். ஆட்களைக் குறைத்து ரோபோ வாங்கும் ஆலைக்குக் கூடுதல் மானியம் கிடைக்கும் விசித்திரம் இதிலிருந்து வருகிறது. வேலைதான் நோக்கம் என்றால் சம்பளத்தோடு இணைப்பதே நேர்வழி.

அதற்கு நாடு முழுவதற்கும் பொதுவான ஒரு ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. பலருக்குத் தெரிவதில்லை. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80ஜேஜேஏஏ பிரிவு அது. 2025ஆம் ஆண்டின் புதிய சட்டத்தில் எண் மாறித் தொடர்கிறது. கூடுதலாகச் சேர்த்த தொழிலாளர்களின் சம்பளத்தில் 30 சதவீதத்தை, வழக்கமான சம்பளச் செலவுக்கு மேல், மூன்று ஆண்டுகளுக்குக் கழித்துக்கொள்ளலாம். மாதம் 20,000 ரூபாயில் 20 பேரைப் புதிதாகச் சேர்த்தால் ஆண்டுச் சம்பளம் 48 லட்சம், கழிவு 14.4 லட்சம். 25.17 சதவீத வரி கட்டும் கம்பெனிக்கு ஆண்டுக்குச் சுமார் 3.62 லட்சம் மிச்சம், மூன்று ஆண்டில் ஏறத்தாழ 10.9 லட்சம்.

இது எங்கே உதைக்கும்? சம்பளம் மாதம் 25,000 ரூபாயைத் தாண்டினால் அந்த ஆள் கணக்கில் வரமாட்டார். ஆண்டில் 240 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும், ஆடை, காலணி, தோல் பொருள் தொழில்களுக்கு மட்டும் 150 நாள். பி.எஃப் இருக்க வேண்டும். சம்பளம் வங்கி வழியே போக வேண்டும். மொத்த ஆள் எண்ணிக்கை முந்தைய ஆண்டைவிடக் கூடியிருக்க வேண்டும், பத்துப் பேர் போய்ப் பத்துப் பேர் வந்தால் பயனில்லை. ஒப்பந்ததாரர் வழியாக எடுத்த ஆட்கள் ஒப்பந்ததாரரின் ஆட்கள், உங்கள் கணக்கில் வரமாட்டார்கள். தணிக்கையாளரின் அறிக்கையைக் கெடுவுக்குள் தாக்கல் செய்யாததால் போன கழிவுகள் ஏராளம்.

சம்பளத்தோடு இணைத்த மாநிலச் சலுகைக்குத் தமிழ்நாட்டிலேயே உதாரணம் உண்டு. பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் சொந்த வேலைகளுக்காக இங்கே நடத்தும் அலுவலகங்களான திறன் மையங்களுக்கு, மாதம் 1 லட்சத்துக்கு மேல் சம்பளமுள்ள வேலைகளில் முதல் ஆண்டு 30 சதவீதம், இரண்டாம் ஆண்டு 20, மூன்றாம் ஆண்டு 10 என்று மானியம் அறிவித்தார்கள். வடிவம் நன்றாக இருக்கிறது. இறங்கிக்கொண்டே போய் நின்றுவிடும், வேலை இல்லையென்றால் பணமும் இல்லை. இதே வடிவத்தைத் தென்காசியிலோ சிவகங்கையிலோ 18,000 ரூபாய் சம்பளத்துக்கு வைத்தால் ஊரின் வருமானம் அதிகம் மாறும்.

வேலை எண்ணிக்கையைப் படிக்கவும் ஒரு முறை இருக்கிறது. 2024 ஜனவரியில் சென்னையில் நடந்த உலக முதலீட்டாளர் மாநாட்டில் 6.64 லட்சம் கோடி ரூபாய்க்கு ஒப்பந்தங்கள், 26.9 லட்சம் வேலை என்று அறிவித்தார்கள். அதில் நேரடி வேலை சுமார் 14.5 லட்சம், மீதி மறைமுகம். நேரடி வேலையைப் பி.எஃப் பட்டியலில் எண்ணலாம். மறைமுக வேலை ஒரு பெருக்கல் கணக்கு. யாரும் எண்ண முடியாது. புரிந்துணர்வு ஒப்பந்தம் என்பதும் விருப்பத்தைச் சொல்லும் தாள்தான். சலுகை பிறப்பது அதற்குப் பின் வரும் அரசாணையில்.

ஒரு வேலைக்கு எவ்வளவு?

சலுகை 10 கோடி, வேலை 500 என்றால் வேலை ஒன்றுக்கு 2 லட்சம். இந்த வகுத்தலோடு நிறுத்துவதுதான் வழக்கம். ஆனால் சலுகை இல்லாவிட்டாலும் வந்திருக்கக்கூடிய வேலைகளைக் கழிக்க வேண்டும். அமெரிக்கப் பொருளியலாளர் திமோதி பார்ட்டிக் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, சலுகை பெற்ற நிறுவனங்களில் அந்தச் சலுகையால் முடிவு மாறியவை 2 முதல் 25 சதவீதம்தான் இருக்கும் என்று மதிப்பிட்டார். 20 சதவீதம் என்றே வைப்போம். சலுகையால் உண்மையில் வந்த வேலை 100, ஒன்றுக்கு ஆன செலவு 10 லட்சம். அமெரிக்க எண்ணை அப்படியே இங்கே பொருத்த முடியாது, இங்கே மாவட்டங்களுக்கிடையே வேறுபாடு அதிகம். ஆனாலும் 100 சதவீதம் என்று எடுத்துக்கொள்வதைவிட இது உண்மைக்கு நெருக்கமானது.

கொடுக்கும் நேரம் கொடுக்கும் தொகையைவிட முக்கியம் என்பதற்கு விஸ்கான்சின் நல்ல பாடம். 2017இல் ஃபாக்ஸ்கான் அந்த மாநிலத்தில் 1,000 கோடி டாலர் முதலீடு, 13,000 வேலை என்றது. மாநிலம் ஏறத்தாழ 300 கோடி டாலர் வரைத் தர ஒப்புக்கொண்டது. சொன்னது நடக்கவில்லை. 2021இல் ஒப்பந்தத்தை மாற்றி, 1,454 வேலைக்கு அதிகபட்சம் 8 கோடி டாலர் என்று சுருக்கினார்கள். மாநிலத்தின் பெரிய தொகை தப்பித்தது ஒரே காரணத்தால்: வேலையும் முதலீடும் நடந்த பிறகுதான் பணம் என்று எழுதியிருந்தார்கள். நிலம் வாங்கவும் சாலை, குடிநீர்க் குழாய் போடவும் முன்கூட்டியே கடன் வாங்கிச் செலவழித்த மவுண்ட் பிளசன்ட் என்ற சிற்றூருக்கு அந்தப் பாதுகாப்பு இருக்கவில்லை. பிற்பாடு அந்த நிலத்தில் ஒரு பகுதியை மைக்ரோசாஃப்ட் வாங்கியது அவர்களுடைய அதிர்ஷ்டம்.

ஸ்ரீபெரும்புதூரிலும் இதற்கு இணையான ஒன்று நடந்தது. 2005இல் ஒப்பந்தம் போட்டு, 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1 அன்று நின்றது. வரி வழக்குகள், கைபேசிப் பிரிவு மைக்ரோசாஃப்டுக்குப் போனபோது ஆலை மட்டும் தனித்து விடப்பட்டது என்று பல காரணங்கள். ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். அந்த இடத்தை 2019இல் கைபேசி சார்ஜர் செய்யும் சால்காம்ப் நிறுவனம் எடுத்துக்கொள்ள முன்வந்தது. கைபேசி செய்யத் தெரிந்த கைகள் அந்த வட்டாரத்தில் இருந்ததும், கட்டிய கட்டடமும் மின்சாரமும் இருந்ததும் காரணம். நிறுவனத்துக்குக் கொடுத்த வரி நிறுவனத்தோடு போய்விடும், இடத்துக்கும் ஆளுக்கும் செலவழித்தது ஊரில் நிற்கும். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறந்த 18,720 படுக்கைகள் கொண்ட பெண் தொழிலாளர் விடுதி வரிச்சலுகை இல்லைதான். இருந்தாலும் ஒரு மின்னணு ஆலைக்கு அதன் மதிப்பு, சில ஆண்டு மின்வரி விலக்கைவிட அதிகம்.

சிறு தொழில் தொடங்குபவர் செய்ய வேண்டியது

பெரிய முதலீடுகளுக்கு, முதலீட்டாளர்களுக்கு வழிகாட்டும் மாநில அரசின் கைடன்ஸ் நிறுவனம். சிறு, குறு தொழிலுக்குப் போக வேண்டிய வாசல் மாவட்டத் தொழில் மையம். இயந்திரங்களின் மதிப்பில் 25 சதவீத மூலதன மானியம், உச்சம் 1.5 கோடி. தாழ்வழுத்த மின் இணைப்புக்கு 36 மாதங்களுக்கு மின்கட்டணத்தில் 20 சதவீத மானியம். தொழிலில் பின்தங்கியதாக அறிவித்த ஊராட்சி ஒன்றியங்களில் நிலம் வாங்கினால் முத்திரைக் கட்டணத்திலும் பதிவுக் கட்டணத்திலும் பாதி திரும்பக் கிடைக்கும். நிலத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அந்த ஒன்றியம் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். சாலையின் இந்தப் பக்கம் பட்டியலில், அந்தப் பக்கம் வெளியே என்பது சாதாரணமாக நடப்பது.

மானியம் இயந்திரத்துக்குத்தான், நிலத்துக்கும் கட்டடத்துக்கும் அல்ல. பழைய இயந்திரம் வாங்கினால் அந்தத் தொகை கழிந்துவிடும். பட்டறைத் தொழிலில் பழைய இயந்திரம் பாதி விலைக்குக் கிடைக்கும்போது, மானியத்துக்காகப் புதியது வாங்கிக் கடனில் மூழ்குவது புத்திசாலித்தனம் அல்ல. 40 லட்சத்துக்குப் புதியது வாங்கி 10 லட்சம் மானியம் பெறுவதைவிட, 20 லட்சத்துக்கு நல்ல பழையது வாங்குவது மலிவு.

உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான ஒன்றிய அரசின் பதிவு), இயந்திர விலைப்பட்டியல்கள், பணம் வங்கி வழியே போனதற்கான சான்று, மின் இணைப்புத் தேதி, முதல் விற்பனைப் பட்டியல். இவை ஒரே பெயரில், ஒரே முகவரியில் இருக்க வேண்டும். விலைப்பட்டியல் அண்ணன் பெயரில், மின் இணைப்பு இடத்துக்காரர் பெயரில், உத்யம் மனைவி பெயரில் என்று இருந்தால் கோப்பு அங்கேயே நிற்கும். உற்பத்தி தொடங்கிய நாள் எது என்பதில் சண்டை வரும். சோதனை ஓட்டத்தின் பட்டியலை முதல் விற்பனையாக எடுத்துக்கொண்டால் கெடு அங்கிருந்து ஓடத் தொடங்கும். மூலதன மானிய விண்ணப்பத்துக்கு, உற்பத்தி தொடங்கியதிலிருந்து ஓராண்டுதான்.

வங்கிக் கடனுக்கான திட்ட அறிக்கையில் மானியத்தை வருமானமாகக் காட்டாதீர்கள். அது வராவிட்டாலும் மாதத் தவணை கட்ட முடிகிறதா என்று ஒரு தனித் தாளில் கணக்குப் போட்டுப் பாருங்கள். முடியவில்லை என்றால் அந்த இடம் உங்களுக்குச் சரியான இடமில்லை. வந்த பிறகும் ஒரு செலவு இருக்கிறது. 2015இல் சட்டம் மாறியதிலிருந்து அரசு மானியம் வருமான வரிக்கு உட்பட்ட வருமானம். இயந்திரத்தின் விலையில் கழித்துக் காட்டும் மூலதன மானியத்துக்கு மட்டும் விலக்கு, அங்கேயும் தேய்மானக் கழிவு அந்த அளவுக்குக் குறையும். எஸ்ஜிஎஸ்டியாகத் திரும்பி வந்த 1 கோடியில் 25.17 லட்சம் வருமான வரியாகப் போகும், கையில் நிற்பது முக்கால் கோடி.